லாரிக்கு ஆறு வோல்ட்டு

“...அதான் புகை வந்து செத்துப்பூட்ச்சே, செத்த லாரிக்கு இன்னாடி பாடு? எட்த்துனு வூட்டுக்குப் போ” என்றார் பெரியப்பா.

மணல் மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். வலையைத் தன்னைச் சுற்றி விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். பேசும்போது தலையை நிமிர்த்தவில்லை. மேட்டின் அடியில் நான். கையில், ஏரியல் உடைந்து குடைக்கம்பி கட்டிய ரிமோட். காலடியில், கருகிய வாசனை இன்னும் போகாத ஒரு மஞ்சள் பொம்மை லாரி. சுற்றிலும் வேலையில்லாத ஆம்பளைகள், தலையில் மீன்கூடை இல்லாத பொம்பளைகள், ஊர்ப் பிள்ளைகள் மொத்தப் பேரும். அந்த லாரி எனக்கா, பெரியப்பா மகனும் அவன் கூட்டாளிகளும் எடுத்துக்கொள்வதா என்பதுதான் அன்றைய வழக்கு. எனக்கு வயது பதினொன்று. வழக்கு முடிந்தது என்று எல்லோரும் எழுந்து கைலியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வயதுப் பெண்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள். பஸ்ஸில் காலேஜ் பிள்ளை எழுந்து இடம் கொடுத்தால் முதலில் சுருக்கென்று கோபம் வந்து, அப்புறம் உட்கார்ந்தும் விடுகிறவர்கள். ‘அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எதுக்கு’ என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிடப் பழகிவிட்டோம். இந்த ஒரு விஷயத்தில் நான் ஆட்டுவதாக இல்லை.

போன மாதம் என் மகள் ஒரு ரிமோட் லாரி வாங்கினாள். கிராலர் என்கிறாள். பாறை, பள்ளம், மணல் எதுவானாலும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு மெள்ள ஏறுகிற வண்டி. வேலைக்குப் போகிற பெண், அவள் சம்பாத்தியம், அவள் பொம்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் நாலைந்து பேர் இதை ஓட்டுகிறார்கள், இவளும் போகிறாள். பேட்டரி தனியாக வாங்க வேண்டுமாம். “ம்மா, ரெண்டு செல் பேக் வாங்கட்டுமா, மூணு செல் வாங்கட்டுமா? ரெண்டுன்னா ஏழு வோல்ட்டு சொச்சம், மூணுன்னா பதினொண்ணு” என்று குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டாள். கேட்டது என்னை. முந்திக்கொண்டு பதில் போட்டது பெரியப்பா மகன், என் அண்ணன். மீசை நரைத்துவிட்டது, ஆள் மாறவில்லை.

“மூணு போடு கண்ணு. சும்மா பிச்சிக்கினு போவும்.”

இத்தனை வருஷம் கழித்தும் அதே வாய், அதே வார்த்தை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

*

அது முகத்துவாரம் அடைத்துக்கொண்ட கோடை. ஏரியும் கடலும் சேருகிற இடம் அது. மணல் வந்து அதை மூடிவிட்டால் கடல் தண்ணீர் ஏரிக்கு வராது, இறால் குஞ்சு வராது, எங்கள் படகுகள் கடலுக்கும் போக முடியாது. அசையாமல் கிடக்கிற ஏரித் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வாசனை. அந்தக் கோடையில் எங்கள் தலையணைகூட அப்படித்தான் நாறியது. கரையோரம் சிப்பிகள் வாயைப் பிளந்து வெயிலில் காய்ந்தன, வெறுங்காலோடு ஓடினால் பாதத்தைக் கீறும்.

ஊர் ஆம்பளைகள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய்த் தோண்டினார்கள். வாரிய மணலைக் கரையில் கொட்டக் கொட்ட, அங்கே ஒரு மேடு எழுந்தது. தோண்டிய இடத்தைக் கடல் திரும்ப அடைத்தது. “நாம இந்தாண்ட வாரிக் கொட்றோம், அது அந்தாண்டயிருந்து வாரிக் கொட்துது. அதுக்கு இடுப்பு வலி கெடையாது, நமக்கு கீது” என்றார் மைக்செட்காரர். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். அவரே பேசினாலும் ஊர் முழுக்கக் கேட்கும். பெரிய இயந்திரம் வரப்போகிறது என்று யாரோ சேதி கொண்டுவர, மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு எல்லோரும் இயந்திரத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஆம்பளைகள் கரையில் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூடப் பஞ்சாயத்து பேச வந்துவிடுவார்கள். பொன்னேரி சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிற அத்தை ஒருத்தி இருந்தாள். அவள் சொல்வாள், “அங்க வாய் அடைச்சிக்கிச்சு, இங்க இவனுங்க வாய் தொறந்துக்கிச்சு.”

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கப்பலில் சமையல் வேலை. அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது வாசனை. புது ரப்பர், புது பிளாஸ்டிக், கூடவே எங்கேயோ ஒரு துறைமுகத்தில் அவர் வாங்கிய சோப்பின் மணம். லாரி என் கை நீளம் இருந்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய டயர்கள், அதில் முதலை முதுகு மாதிரி முண்டு முண்டாகப் பல். முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். அடியில் ஒட்டியிருந்த தாளில் 7.2 என்று போட்டிருந்தது. அப்போது எனக்கு அது லாரியின் நம்பர் மாதிரிதான் தெரிந்தது.

“ரிமோட்ட அழுத்தினதும் பறக்கலயேன்னு பாக்காத கண்ணு. இது ஓடற வண்டி இல்ல, ஏர்ற வண்டி” என்றார் மாமா. அவர் இருந்த வரைக்கும் அது நெல் மூட்டை மேல் ஏறியது, அம்மிக்கல் மேல் ஏறியது, தூங்கிக்கொண்டிருந்த நைனாவின் வயிற்றின் மேல் ஏறி இறங்கியது. நைனா கண்ணைத் திறக்காமலே, “இன்னாமா, லாரிக்கு இங்க டோல்கேட்டு கீதா?” என்றார்.

மாமா கப்பலுக்குப் போனதும் சார்ஜரைச் சுவரில் செருகினோம். டப் என்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு பொறி, அவ்வளவுதான். மைக்செட்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, “அந்த ஊரு கரன்ட்டுக்குச் செஞ்சது, நம்மூரு கரன்ட்டு அதுக்கு டபுளு. பாவம், பயந்தே செத்துப்பூட்ச்சு” என்றார். சார்ஜர் இல்லாமல், கூட வந்த பேட்டரியும் கொஞ்ச நாளில் வெறும் கட்டையாகிவிட்டது.

*

மைக்செட்காரரின் மகள் என் கூட்டாளி. என்னைவிட ஒல்லி, என்னைவிட வாய். அவள் அப்பாவின் கொட்டகையில் அறுந்த வயரும் ஆம்ப்ளிஃபயர் வயிறுகளும் குவிந்து கிடக்கும். அங்கே கால் வைக்க இடம் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. அவள் காதில் கம்மல் இருக்கிறதோ இல்லையோ, பாவாடை நாடாவில் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். “உள்ள ஒண்ணும் ஆவல. பசி. சோறு போட்டா எழுந்துக்கும்” என்றாள் லாரியைக் கவிழ்த்துப் பார்த்து.

எந்தச் சோறு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. டார்ச் செல் ஒன்று ஒன்றரை வோல்ட்டு என்பது அவளுக்குத் தெரியும். நாலு செல்லை வரிசையாக மூங்கில் குழாயில் போட்டுக் கட்டினோம். ஆறு வோல்ட்டு. கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் ஜம்மென்று சுற்றியது. கீழே விட்டால் நின்றது.

“ஆறு பத்தல” என்றேன்.

“இரு” என்று அவள் ஒரு டார்ச் பல்பை எடுத்து வயர்களுக்கு நடுவில் கொடுத்தாள். சக்கரம் காற்றில் சுற்றும்போது பல்பு பளிச்சென்று எரிந்தது. சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தால் பல்பு மாட்டுக் கண் மாதிரி மங்கியது. “பாத்தியா, மோட்டார் இழுக்கச்சொல்லோ செல்லுக்கு மூச்சு வாங்குது. ஆறுன்னு பேரு, குடுக்கறது மூணுகூட இல்ல.”

அப்புறம் எட்டு செல் போட்டோம், பன்னிரண்டு வோல்ட்டு. லாரி குதித்தது. கொட்டகை மண்ணில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தது, வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது. மோட்டாரைத் தொட்டால் விரலை வைக்க முடியவில்லை. அவள் விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள், “நம்ம விரலு தாங்காத சூடு அதுக்கும் தாங்காது.” அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் மீட்டர். ஓட்டு, நிறுத்து, விரலை வை.

எட்டைக் குறைத்து ஐந்து செல் போட்டோம். ஏழரை, தாளில் எழுதியிருந்த 7.2-க்குப் பக்கம். சூடு இல்லை, ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் செல் களைத்துவிட்டது. எண் சரியாக இருந்தும் வண்டி ஏறவில்லை. எண் மட்டும் போதாது, அந்த எண்ணைக் கடைசி வரைக்கும் விடாமல் பிடித்துக்கொள்கிற பேட்டரி வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல்புதான் சொல்லித் தந்தது.

எங்கள் வீட்டில் ஓர் எமர்ஜென்சி லைட் இருந்தது. தினமும் சாயங்காலம் கரன்ட் போகும், நைனா அதை ஏற்றி வைத்துக்கொண்டு வலை பின்னுவார். அதைப் பிரித்தால் உள்ளே செங்கல் துண்டு மாதிரி கறுப்பாய் ஒரு பேட்டரி, ஆறு வோல்ட்டு. கனமென்றால் அப்படியொரு கனம். லாரியில் வைத்துக் கட்டிச் சக்கரத்தை அழுத்திப் பிடித்தோம், பல்பு மங்கவே இல்லை. கீழே விட்டோம். உர்ர்ர் என்று தையல் மிஷின் சத்தத்தோடு, அவசரமே இல்லாமல், வயர் குவியல் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. விரலை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

“இது ஆறா?” என்றேன். “டார்ச் செல்லும் ஆறுதானே?”

“அந்த ஆறு வேற, இந்த ஆறு வேற” என்றாள் அவள். இன்றைக்கும் என்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் கரன்ட் போனது. நைனா சிம்னி விளக்கை ஏற்றினார். கண்ணுக்குப் பக்கத்தில் வலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பின்னினார். மறுநாளும் அப்படியே. எமர்ஜென்சி லைட் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. மனுஷன் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். ஊரும் அவரை அப்படித்தான் சொல்லும், அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு தெரியாத ஆள் என்று. அம்மாகூட அப்படித்தான் நினைத்தாள். இப்போது என் கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்து, ஊசியில் நூல் கோர்க்க விளக்கைக் கிட்டே இழுக்கும்போதுதான் யோசிக்கிறேன், சிம்னி வெளிச்சத்தில் நைலான் கண்ணி பின்னுவது எப்படிப்பட்ட பேச்சு என்று.

*

லாரி ஊர்வதைப் பார்த்துவிட்டான் அண்ணன். செத்துக் கிடந்த வரைக்கும் அது என் லாரி, உயிர் வந்ததும் ஊர் லாரி. “பொட்டப் புள்ளைக்கு லாரி எதுக்கு, நாங்க ஓட்றோம்” என்று தூக்கிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். “இன்னா இது, ஆமை மாரி போவுது! எத்தினி குதிரை இது?”

குதிரை விஷயம் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் எங்கள் பக்கம் படகுகளுக்கெல்லாம் இன்ஜின் மாறியது. சின்ன இன்ஜின் போய்ப் பெரியது வந்தது. எவன் இன்ஜினில் குதிரை அதிகமோ அவன் முதலில் கரைக்கு வருவான், அவன் மீன் முதலில் விலைபோகும். ஆகவே எங்கள் ஊரில் எந்த எண்ணானாலும் பெரிய எண்தான் நல்ல எண். புது மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினால்கூட, “ஆளு எத்தினி குதிரை?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அண்ணனுக்கு ஆறு என்றால் அவமானம். பெரியப்பாவின் பைக்கில் பன்னிரண்டு வோல்ட்டு பேட்டரி இருந்தது. ஆறைவிடப் பன்னிரண்டு இரண்டு மடங்கு. கணக்கு அவ்வளவுதான்.

நான் லாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். ரிமோட்டின் ஏரியல் அந்த இழுபறியில்தான் உடைந்தது. கத்தல் கேட்டுப் பெரியப்பா வந்தார்.

பெரியப்பாதான் ஊரில் பாடு பார்க்கிறவர். உங்களில் வயல் பக்கத்துப் பெண்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதுதான். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடி ஆகும். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடத்தில் இன்று நீதான் வலை கட்டலாம். வேறு யார் வலை கிடந்தாலும், அவன் எவ்வளவு பெரிய ஆளானாலும், சுருட்டிக்கொண்டு விலக வேண்டும். கல்யாணமான ஆம்பளைகளுக்கு மட்டும்தான் அந்தச் சீட்டில் பேர் உண்டு.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அவரைக் குறைத்துப் பேசினதாக இருக்கக் கூடாது. முந்தின வருஷம் அவர் பாடு வந்த அன்று அவர் படகு அடிப்பலகை பிளந்து கரையில் கிடந்தது. ‘படகே இல்ல, உன் பாடு அடுத்தவனுக்குப் போவட்டும்’ என்றார்கள். பெரியப்பா கைலியை மடித்துக் கட்டினார். “படகு ஒடைஞ்சா பாடு ஒடையாது. நான் நீஞ்சிப் போய்க் கட்றேன், எவன் வலை அங்க இருக்குதோ எடுங்கடா” என்று கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். எல்லோரும் எடுத்தார்கள். அதை ஊரே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. அவர் கழுத்தில் வலை சுற்றிக்கொண்டு தண்ணீரில் நடந்ததை நானும் கரையிலிருந்து பார்த்தேன்.

அவர் லாரியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “சரி, இதுக்கும் பாடு வெச்சிடலாம்” என்றார். பையன்கள் பேரைச் சீட்டில் எழுதச் சொன்னார். என் பேர் வரவில்லை.

“எங்க தம்பி இவளுக்குன்னு கொண்ணாந்தது அது” என்று அம்மா வாசலில் நின்றபடி சொன்னாள். புருஷனின் அண்ணன் எதிரில் அவள் அவ்வளவு பேசியதே பெரிசு.

“பாடுன்னா ஆம்பளைங்களுக்குத்தான்மா.”

“அப்ப பாடு வெக்காதீங்க” என்றேன் நான். “என் லாரிய குடுத்துடுங்க. பாடு வெச்சா எனக்கும் வெய்யுங்க.”

கூட்டம் சிரித்தது. கருவாட்டு அத்தை, “அப்டி கேளுடி என் கண்ணு, இவனுக்கு வேலையும் இல்ல, நியாயமும் இல்ல” என்றாள். பெரியப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மணல் மேட்டில் இரண்டே பாடு. முதல் பாடு பையன்களுக்கு, அடுத்தது எனக்கு. அவரவர் பேட்டரி அவரவர் இஷ்டம். எவர் பாடு நடக்கும்போது லாரி மேட்டின் உச்சியைத் தொடுகிறதோ அவருக்கே லாரி. பையன்கள் தொட்டுவிட்டால் என் பாடு தேவையே படாது என்பது அவர் கணக்கு.

அன்று ராத்திரி அம்மா தலை பின்னிக்கொண்டே, “லாரி போனா போவுது. ஆம்பளைங்க சபையில வாய் நீட்டாத, நாளைக்குப் பேரு நிக்கும்” என்றாள். நின்றது. நானும் அந்தப் பேரோடுதான் இத்தனை நாள் நன்றாக வாழ்ந்துவிட்டேன்.

*

ஞாயிற்றுக்கிழமை. பைக் பேட்டரியை நைலான் கயிற்றால் லாரியின் முதுகில் கட்டினான் அண்ணன். “பன்னெண்டு!” என்று கூட்டத்துக்குக் காட்டினான். விசில் பறந்தது. ரிமோட்டை அழுத்தினான்.

நியாயமாகச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. லாரி கோழியைத் துரத்துகிற நாய் மாதிரி பாய்ந்தது. மணல் பின்னால் இறைத்தது. பாதி மேடு வரை ஒரே மூச்சு. பாதியில் சரிவு செங்குத்தாகும் இடத்தில் மூக்கு மேலே தூக்கியது. பாரம் பூராவும் பின்சக்கரத்தின் மேல் இறங்கியது. முன்சக்கரம் தரையில் படாமல் காற்றில் சும்மா சுற்ற, பின்சக்கரம் பறித்துப் பறித்து மணலுக்குள் போனது. அச்சு வரைக்கும் புதைந்து அசையாமல் நின்றது.

“வுடு, கைய எடு!” என்று கத்தினாள் என் கூட்டாளி.

“இன்னும் அழுத்துடா!” என்று கத்தியது ஊர்.

அவன் ஊர் பேச்சைக் கேட்டான். பழைய ஃபேனின் செப்புச் சுருள் கருகுகிற வாசனை முதலில் வந்தது, அப்புறம் பின்னச்சுக்கு அடியிலிருந்து நூல் மாதிரிப் புகை. மைக்செட்காரர் ஓடி வயரைப் பிடுங்கினார். லாரியை மணலிலிருந்து உருவி என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் முதலில் அவன் சொன்னது, “இவ இன்னாவோ பண்ணி வெச்சிருக்கா அதுல.” இரண்டு மூன்று பெரியவர்கள் அதற்கும் தலையை ஆட்டினார்கள்.

அப்போதுதான் பெரியப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். செத்த லாரிக்கு இன்னாடி பாடு.

கூட்டாளி அதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்து டெஸ்டரால் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின் மோட்டார் சுற்றவில்லை, இறுகிவிட்டது. அதை உருவி எடுத்து மணலில் வைத்தாள். பின்சக்கரங்கள் இப்போது தடையில்லாமல் உருண்டன. முன் மோட்டாரை என் விரலுக்குக் காட்டினாள். தொட்டேன். சூடே இல்லை. அதுதான் காற்றில் சும்மா சுற்றியதே.

“ஒண்ணு கீது” என்றாள் மெதுவாக. “பாதி உசுரு.”

நான் நிமிர்ந்தேன். “பெரியப்பா, என் பாடு இன்னும் முடியல.”

“செத்துப்பூட்ச்சுன்றேன்ல?”

“படகு ஒடைஞ்சா பாடு ஒடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கழுத்தளவு தண்ணில நின்னு சொன்னீங்க. நான் பாத்தேன்.”

மணல் தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. கருவாட்டு அத்தை, “சொன்னியா இல்லையா?” என்றாள். பெரியப்பா ஊசியை வலையில் குத்தினார், உருவினார்.

“சரி, ஓட்டு.”

“உங்க வலை கெடக்குது வழியில.”

“கெடக்கட்டும். மொதல்ல இது வரைக்கும் வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். சின்னப் பெண் அழுதாளாம், பெரியவர் மனசு இறங்கி லாரியை விட்டுக்கொடுத்தாராம். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், வாட்ஸ்அப்பில் எல்லா இடத்திலும் இதே பாட்டு. பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அவரை நல்லவராக்க அது வசதியாகவும் இருக்கிறது. நான் அழவில்லை. யாரும் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவர் நல்லவர் என்று காட்ட என் கண்ணீர் தேவையில்லை, நடந்ததைச் சொன்னாலே போதும்.

நடந்தது இது. எமர்ஜென்சி லைட் பேட்டரியை உயிரோடிருந்த முன்னச்சின் மேல் வைத்துக் கட்டினேன், டார்ச் பல்பையும் வயரில் சேர்த்தேன். பிறகு லாரியைத் திருப்பி, மேட்டுக்கு முதுகைக் காட்டி வைத்தேன். ஏறும்போது பாரம் கீழ்ச்சக்கரத்துக்குப் போகிறது என்பதை அண்ணன் ஓட்டியபோது பார்த்திருந்தேன். உயிருள்ள மோட்டார் கீழே இருக்க வேண்டுமானால் வண்டி பின்பக்கமாக ஏற வேண்டும்.

“இன்னாடி, லாரி கோச்சிக்கினு வூட்டுக்குத் திரும்பிச்சா?” என்று ஒருவன் கேட்க, ஊர் கைகொட்டிச் சிரித்தது. அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

ரிவர்ஸை அழுத்தினேன். உர்ர்ர். சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் மணலில் பதிவது கண்ணுக்குத் தெரிகிற வேகம். நழுவினால் கையை எடுத்தேன், அது மூச்சு விட்டுக்கொண்டதும் மறுபடி அழுத்தினேன். அண்ணன் பறித்த குழியைச் சுற்றிக்கொண்டு, ஈரமணல் தெரிகிற பக்கமாகக் கொண்டுபோனேன். சரிவு செங்குத்தாகும் இடம் வந்தது. லாரி நின்றது. யாரோ ‘ஹே’ என்று ஆரம்பித்தார்கள். நான் கையை எடுத்து, கொஞ்சம் கீழே விட்டு, சக்கரத்தைச் சற்று ஒடித்து மறுபடி அழுத்தினேன். ஆறு வோல்ட்டுக்கு மணலைப் பறிக்கத் தெரியாது. அது மணலை மிதித்து ஏறியது.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நானும் லாரிக்குப் பின்னால் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அந்தத் தையல் மிஷின் சத்தமும் அந்தாண்டைக் கடலும் மட்டும் கேட்டன. கூட்டத்தின் ஓரத்தில் நைனா நின்றிருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், “பல்பு மங்கலமா” என்றார். மங்கவில்லை அம்மா என்று எனக்குச் சொன்னார். எங்கள் கொட்டகைப் பரீட்சை அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

வலையின் ஓரம் வந்தது. பெரியப்பாவின் கால்விரலுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம். வலை மேல் சக்கரம் ஏறினால் கண்ணி சுற்றிக்கொள்ளும், அத்தோடு எல்லாம் முடியும். நான் கையை எடுத்தேன். லாரி சரிவில் அப்படியே நின்றது, வழுக்கவில்லை.

“பெரியப்பா,” என்றேன், “என் பாடு.”

அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். லாரியைப் பார்த்தார். அப்புறம் என்னை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்தார், இரண்டு கையாலும் வலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வாரிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, விலகி நின்றார்.